வயிற்றுவலி என்று சொல்லிவைத்தார்கள்

வீடெல்லாம் மாதுளம்பழம். சாப்பாட்டு மேசையில் ஒரு குவியல், பிரிட்ஜின் தலையில் ஒரு பை, ஜன்னலோரம் உருண்டு கிடப்பவை தனி. ஒரு பழத்தைப் பார்த்து ஒரு பெண்ணுக்கு இத்தனை ஆத்திரம் வருமா என்று கேட்டால், வரும். அண்ணிக்கு வந்தது. அத்தனையும் அவள் கொழுந்தனின் வயிற்றுவலிக்காக வந்த பழங்கள். கொழுந்தனுக்கு வயிற்றுவலியே கிடையாது.

அவன் சாகப் பார்த்தான். போன மாதம் ஒரு மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து. அன்றைக்கு அண்ணிக்குத் தலைவலி, வேலையிலிருந்து பாதியில் வந்துவிட்டாள். அதனால் அவன் பிழைத்தான். அந்தத் தலைவலி வராமல் போயிருந்தால் என்று யோசித்தால் அவளுக்கு இப்போதும் கை கோடு தவறும். சீருடை தைக்கும் கம்பெனியில் அறுபது மடிப்புத் துணியை ஒரே இழுப்பில் வெட்டுகிற கை அது. வெட்டும் வேலை, வெட்டுகிற வாய், இரண்டுக்குமாகச் சேர்த்து அவளுக்குக் கத்திரி என்று பெயர். புகுந்த வீட்டில் முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொல்வார்கள். அவள் காதுபடவே சில சமயம்.

அந்தக் கத்திரியின் வாயைத்தான் ஆஸ்பத்திரி நடையில் வைத்து மூன்று பேராகப் பூட்டினார்கள். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "வயித்துல புண்ணுன்னு சொல்லிடலாம்" என்றாள். கணவன் உடனே தலையை ஆட்டினான். மாமனார் எதற்கும் வாய் திறக்காதவர், அன்றைக்குப் பார்த்து "அதான் சரி" என்றார். காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிட்டது. பிள்ளை உள்ளே கண் விழிக்கக்கூட இல்லை, வெளியே அவன் நோய்க்குப் பெயர் வைத்தாகிவிட்டது.

கிளம்பும்போது அங்கிருந்த நர்ஸ் அண்ணியை மட்டும் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். "தனியா விடாதீங்க. மனசுல அந்த நினைப்பு இருக்கான்னு வாயைத் திறந்து கேளுங்க. கேட்டா ஞாபகப்படுத்தின மாதிரி ஆயிடும்னு பயப்படாதீங்க, அப்படியெல்லாம் ஆகாது. அவர் நம்புறவங்க நாலு பேருக்காவது விஷயம் தெரியட்டும். வீட்டுல இருக்கிறவங்களால மட்டும் தாங்க முடியாது இதை." வீட்டுக்கு வந்ததும் அண்ணி இதை அப்படியே சொன்னாள். "நர்ஸுக்கு என்ன, அவளா நாளைக்குத் தெருவுல தலைநிமிர்ந்து நடக்கப்போறா?" என்றாள் மாமியார். பேச்சு அதோடு முடிந்தது.

அதன் பிறகு நடந்த கூத்தைச் சொன்னால் சிரிப்பு வரும், சிரித்தால் பாவம். பொய் சொன்னால் போதாதே, அதற்குச் சாப்பாடு வேறு போட வேண்டும். வருகிறவர்கள் பார்ப்பார்கள் என்று மாமியார் காரமில்லாத கஞ்சியாகக் காய்ச்சிக் காய்ச்சிக் கொடுத்தாள். அவன் தின்றான். எதிர்வீட்டுக்காரி வெறும் வயிற்றில் வெந்நீர் குடிக்கச் சொன்னாள். மாடிவீட்டு வாத்தியார், மனசு சந்தோஷமாக இருந்தால் வயிறு தானாக ஆறிவிடும் என்று ஒரு மணி நேரம் விளக்கினார். தெருவே திரண்டு வந்து அவன் வயிற்றைப் பார்த்துவிட்டுப் போனது. நல்லவர்கள், ஒருத்தர் மேலும் குறை சொல்ல முடியாது. அவ்வளவு நல்ல மனசும் இல்லாத ஒரு புண்ணுக்குப் போய்ச் சேர்ந்தது, அவனுக்கு ஒரு சொட்டுக்கூட வரவில்லை.

வீட்டுக்குள்ளேயும் இதே கதிதான். மாமியார் வாயில் முன்பெல்லாம் நாளுக்குப் பத்துத் தடவை "செத்தேன்" வரும். படி ஏறினால் செத்தேன், வெயில் அடித்தால் செத்தேன். இப்போது பாதியில் நிறுத்தி, "செ..." என்று விழுங்கி, மகன் பக்கம் திருட்டுத்தனமாக ஒரு பார்வை பார்ப்பாள். அவனும் பார்ப்பான். உடனே டி.வி. சத்தம் கூடும்.

தினம் தவறாமல் வந்தவன் தொப்பி. வேன்களும் சின்ன பஸ்களும் ரிப்பேர் பார்க்கிற ஷெட்டில் கொழுந்தனின் ஜோடி. மழையோ வெயிலோ தலையிலிருந்து இறங்காத ஒரு பழைய தொப்பியால் வந்த பெயர். மாதுளை வயிற்றுப் புண்ணை ஆற்றும் என்று எவனோ அவனிடம் சொல்லிவைத்திருக்கிறான். கிரீஸ் போகாத விரல்களால் உட்கார்ந்து உரித்து, முத்து முத்தாகத் தட்டில் போட்டு, "சாப்பிடுடா, சீக்கிரம் வாடா, பெடல்ல உக்கார ஆள் இல்லாம உயிர் போகுது" என்பான். கொழுந்தன் ஒவ்வொரு முத்தாக எடுத்து வாயில் போடுவான். தொப்பியின் முகத்தை மட்டும் பார்க்க மாட்டான்.

பிரேக்கில் காற்று எடுக்கிற வேலை அவர்கள் இரண்டு பேருடையது. பிரேக் எண்ணெய் போகிற குழாயில் காற்று புகுந்துவிட்டால் வண்டி நிற்காது, அதை வெளியேற்ற வேண்டும். ஒருவன் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு திருகைத் திறந்து மூடுவான், இன்னொருவன் மேலே உட்கார்ந்து பெடலை மிதிப்பான். ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது. குரல்தான். கீழேயிருந்து "அமுக்கு!" என்றால் மேலேயிருந்து "அமுக்கியிருக்கேன்!" என்று வர வேண்டும். அந்த ஷெட்டில் ஒரு சட்டம் உண்டு. கொடுத்த குரலுக்குப் பதில் வரவில்லை என்றால் அத்தனை பேரும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட வேண்டும், பதில் வருகிறவரை யாரும் எதையும் தொடக் கூடாது. ஒரு காலத்தில் ஜாக்கி வழுக்கி ஒருவன் கீழே மாட்டிக்கொண்டு, இரைச்சலில் யாருக்கும் கேட்காமல் போனதற்குப் பிறகு வந்த சட்டம். கொழுந்தன் இந்தக் கதையை அண்ணிக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறான், முன்பு அவன் பேசிக்கொண்டிருந்த காலத்தில்.

அதனால் அவன் மறுபடி வேலைக்குக் கிளம்பியபோது அண்ணிக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. அந்தக் கூச்சலுக்கு நடுவே இருந்தால் தேறுவான் என்று நினைத்தாள். மாலையில் வந்தவனிடம், "தொப்பி குதிச்சிருப்பானே?" என்று கேட்டாள்.

"அவன்கூட இல்ல அண்ணி. என்னை ஸ்டோர் ரூமுல போட்டிருக்காங்க. வயித்துக்கு நல்லதில்லையாம் பெடல் மிதிக்கிறது. லேசான வேலை."

"அங்க யார் இருக்கா?"

"யாரும் இல்ல. நட்டு போல்ட்டுதான். நல்லாத்தான் இருக்கு, அமைதியா இருக்கு."

அமைதி என்று அவன் சொன்ன விதம் அவளுக்கு வயிற்றைப் பிசைந்தது. இந்த வீட்டில் உண்மையிலேயே வயிறு வலித்தது அவளுக்குத்தான்.

ஸ்டோர் ரூம் ஷெட்டுக்குப் பின்னால், சுவர் தள்ளி. கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் கேட்காது. போர்மேன் பாவம், நல்லது நினைத்துத்தான் செய்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் காய்ச்சலில் மகளைப் பறிகொடுத்தவர், உடம்புக்கு முடியாதவன் என்றால் உருகிவிடுவார். தனியாக விடாதே என்று நர்ஸ் சொன்னவனை, நாள் முழுக்கத் தனியாக, சம்பளமும் கொடுத்து உட்காரவைத்திருந்தார். யார் சொன்ன பொய்யை நம்பி? கணவன் ஷெட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்த பொய்யை.

"ஏங்க, நாளைக்குப் போய் போர்மேன்கிட்ட உண்மையச் சொல்லுங்க."

கணவன் சட்டையை மாட்டுகிற ஆணியைப் பார்த்துக்கொண்டே பேசினான். "சொல்லி? வேலைய விட்டுத் தூக்குவாங்க. நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்? ஆயுசுக்கும் இந்தப் பேரு நிக்கும்டி."

"ஆயுசு இருந்தாத்தானே பேரு நிக்கும்!"

"கத்தாத."

"கத்துவேன். உங்க மானத்தை மடிச்சு பீரோவுல வைக்கிறதுக்கு அந்தப் பையன் கஞ்சி குடிச்சிட்டுக் கிடக்கான். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவன் பக்கத்துல உக்காந்து எப்படிடா இருக்கேன்னு கேட்டிருக்கீங்களா?"

அவன் கேட்டதில்லை. கேட்கப் பயம். பாத்ரூமில் தம்பி கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டால் கதவுக்கு வெளியே செருப்பைத் தேடுகிற மாதிரி நின்றுகொண்டிருப்பான், அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் அந்த நேரத்தில் அவன் மேல் இரக்கம் வரவில்லை. அத்தனை பேர் மேலும் கோபம். தம்பி மேலும்தான். இப்படிப் பண்ணிட்டியேடா, நான் கதவைத் திறந்தப்ப என்ன ஆகியிருக்கும் எனக்கு என்று அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

அந்தக் கோபத்தோடுதான் அடுப்படிக்குப் போனாள். கொழுந்தன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். நர்ஸ் சொன்ன மாதிரி மெதுவாக, பக்குவமாகக் கேட்க வேண்டும் என்று எத்தனையோ நாள் மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தாள். கேட்டபோது சண்டைக்கு இழுக்கிற மாதிரிதான் வந்தது.

"தம்பி, இன்னும் சாகணும்னு தோணுதா உனக்கு?"

டம்ளரை அவன் மேடையில் வைத்தான். கூடத்தில் டி.வி. சத்தம் சட்டென்று கூடியது, மாமியார் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"தோணுது அண்ணி."

"எப்ப?"

"அந்த ரூமுல. காலையில போய்க் கதவைத் திறந்தப்பவே." அவன் டம்ளரை மறுபடி கையில் எடுத்தான். "யாராச்சும் கேப்பாங்களான்னு பாத்துட்டே இருந்தேன். எல்லாரும் வயித்தையே கேக்கிறாங்க. தொப்பி வந்து பழம் உரிக்கிறப்ப... அவன் யாருக்கோ உரிக்கிறான் அண்ணி. எனக்கில்ல."

அவளுக்கு அழுகை வந்தது, அதையும் கோபமாகவே மாற்றிக்கொண்டாள். "நாளைக்கு டாக்டரைப் பாக்கிறோம். ஆஸ்பத்திரியில அடுத்த வாரம் வரச் சொன்னாங்களே, அதுவரைக்கும் காத்திருக்க வேணாம். இன்னிக்கு ராத்திரி உங்க அண்ணன் உன் ரூமுல படுக்கட்டும், ஆணியைப் பாத்தது போதும். ஷெட்டுல சொல்லிடவா?"

அவன் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். "என்னால சொல்ல முடியாது அண்ணி. வாய் வரல. நீங்க சொன்னா நான் வேணாங்க மாட்டேன்."

மறுநாள் காலையில் டாக்டரிடம் மத்தியானத்துக்கு நேரம் வாங்கிவிட்டு, அவனோடு அவளும் ஷெட்டுக்கு நடந்தாள். பத்தடி பின்னால் கணவன் ஓடிவந்தான். "வேணாம், சொன்னாக் கேளு, எல்லாரும் பாக்கிறாங்க." பார்க்கட்டும் என்று நடந்தாள்.

ஷெட்டுக்குள் சம்மட்டிச் சத்தம், காற்றுக் குழாயின் சீறல், எண்ணெய் வாடை. நடுவில் ஒரு வெள்ளை வேனுக்கு அடியிலிருந்து தொப்பியின் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. மேலே பெடலில் ஏதோ ஒரு புது ஆள். போர்மேன் ஸ்டோர் சாவியோடு வந்து அதைக் கொழுந்தன் கையில் கொடுத்தார். "வயிறு எப்படி இருக்கு?"

"அவனுக்கு வயித்துல ஒண்ணும் இல்லண்ணே" என்றாள் அண்ணி. "போன மாசம் சாகப் பாத்தான். நாங்கதான் வயித்துவலின்னு பொய் சொன்னோம். தனியா உக்கார வைக்கக் கூடாது அவனை. அந்த ரூமு வேணாம்."

போர்மேனின் முகம் செத்துப்போயிற்று. சுற்றும் முற்றும் பார்த்தார். "இங்க வேணாம்மா, ஆபீஸுக்குள்ள வாங்க."

"இங்கதான் சொல்லுவேன்."

"அப்படின்னா... அப்படின்னா அவன் வீட்டுல இருக்கட்டும்மா. நல்லா ஆகட்டும், அப்புறம் பாக்கலாம். இங்க ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்றது? என்னால பாக்க முடியாது. எனக்கு வேணாம் இந்தப் பொறுப்பு." கை இரண்டையும் முன்னால் நீட்டி, யாரோ மேலே விழவருகிற மாதிரி தடுத்தார்.

"பாத்தியா, நான் சொன்னேன்ல?" என்றான் கணவன் பின்னாலிருந்து.

அவ்வளவுதான். ஒரு மாதமாகப் பூட்டிவைத்த வாய் திறந்துகொண்டது. "கை கழுவறீங்களா? வயித்துவலின்னா ஸ்டோர் ரூமு, மனசு வலின்னா வெளிய போ. அப்படித்தானே? உங்க பொண்ணு காய்ச்சல்ல போனப்ப இந்த ஷெட்டே கதவைச் சாத்திட்டு வந்து நின்னுச்சு. காய்ச்சலுக்கு மட்டும்தான் வருவீங்களாண்ணே? இவன் உயிரு என்ன, இளக்காரமா?"

சம்மட்டி நின்றது. காற்றுக் குழாயை யாரோ மூடினார்கள். போர்மேன் அவளையே பார்த்தார். அவள் இன்னும் நாலு வார்த்தை கேட்க மூச்சை இழுத்தாள்.

"காய்ச்சல் இல்லம்மா" என்றார் போர்மேன்.

முதலில் அவளுக்குப் புரியவில்லை.

"என் பொண்ணுக்குக் காய்ச்சல் இல்ல. நாங்க அப்படிச் சொன்னோம்." பக்கத்திலிருந்த டயர் அடுக்கைப் பிடித்துக்கொண்டார். "அவளும் முதல் தடவை பிழைச்சா. அப்பவும் காய்ச்சல்னுதான் சொன்னோம். வீட்டுல யாரும் அதைப் பத்திப் பேசல. அப்புறம் ஒரு நாள்..."

இரண்டு வருஷம் அவரோடு சேர்ந்து காய்ச்சலைத் திட்டிய ஆட்கள் அத்தனை பேரும் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள். ஓங்கிய கை தவறி வேறு யார் மேலேயோ பட்டுவிட்ட மாதிரி இருந்தது அண்ணிக்கு. மன்னிப்புக் கேட்க வேண்டும், ஆனால் அவள் மனசு முழுக்க ஒன்றுதான் ஓடியது. அவளும் முதல் தடவை பிழைச்சா.

"அமுக்கு!" என்று வேனுக்கு அடியிலிருந்து தொப்பி கத்தினான். பெடலில் இருந்த புது ஆள் வாயைப் பிளந்துகொண்டு போர்மேனைப் பார்த்தபடி இருந்தான். "அமுக்குடா! காது செவிடா?" பதில் இல்லை. சரசரவென்று முதுகால் வெளியே நகர்ந்து வந்து எழுந்தான் தொப்பி. "எவன்டா அவன் பதில் சொல்லாம? நான் கீழ கிடக்கேன், மேல என்ன வேடிக்கை?" கூட்டத்தைப் பார்த்தான், கொழுந்தனைப் பார்த்தான். "என்ன ஆச்சு?"

அண்ணி வாயைத் திறந்தாள். அதற்குள் கொழுந்தன் பேசினான்.

"எனக்கு வயித்துவலி இல்லடா. நான் சாகப் பாத்தேன்."

தொப்பி தலையிலிருந்து தொப்பியை எடுத்தான். அது இல்லாத தலையை அண்ணி அன்றைக்குத்தான் பார்த்தாள், நடுவில் முழுசாக வழுக்கை. பிறகு தொப்பியைத் தரையில் ஓங்கி அடித்தான்.

"தினம் வந்தேனேடா! தினம் வந்து உன் முன்னாடி உக்காந்து பழம் உரிச்சேன். வயிறு எப்படிடா, வயிறு எப்படிடான்னு பைத்தியக்காரன் மாதிரி கேட்டேன். நீ தலையாட்டிட்டுத் தின்ன." அண்ணியின் பக்கம் திரும்பினான். "நீங்களும் அங்கதானே அண்ணி நின்னீங்க? தட்டு கொண்டுவந்து குடுத்தீங்களே! உங்க வீட்டு மானம் காப்பாத்த என்னை முட்டாளாக்கினீங்களே. சொல்லியிருந்தா நான் பழத்தையா கொண்டுவந்திருப்பேன்? அங்கயே படுத்திருப்பேன்ல!"

யாருக்கும் தலைகுனியாத கத்திரி தலைகுனிந்தாள். தட்டை அவள்தான் கொடுத்தாள். வெள்ளித் தட்டு வேறு, விருந்தாளிக்கு வைக்கிறது.

தொப்பி கொழுந்தனிடம் போய் அவன் கையிலிருந்த சாவியைப் பிடுங்கினான். அதைப் போர்மேனிடம் நீட்டினான். அவர் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

"மத்தியானம் டாக்டர்கிட்டப் போகணும் அவன்" என்றாள் அண்ணி, தணிந்த குரலில்.

"நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார் போர்மேன். மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நானும் அந்த டாக்டரைப் பாக்கணும்."

"சாயந்திரம் என்னோட நடந்து வருவான்" என்றான் தொப்பி. "ஞாயித்துக்கிழமை கூட இருக்க யாரு?" ஓரத்தில் நின்ற வெல்டிங்காரர் கையைத் தூக்கினார், பள்ளிக்கூடப் பையன் மாதிரி. தொப்பி கீழே குனிந்து தொப்பியை எடுத்துத் தட்டி மாட்டிக்கொண்டான். கோபம் இன்னும் இறங்கவில்லை, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. புது ஆளை வேனிலிருந்து இறங்கச் சொல்லி, கொழுந்தனிடம், "ஏறு" என்றான்.

கொழுந்தன் அண்ணனைப் பார்த்தான். வாசலில் நின்ற அண்ணன் ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையை ஆட்டினான். கொழுந்தன் வேனில் ஏறி உட்கார்ந்தான். தொப்பி வண்டிக்கு அடியில் போனான். சம்மட்டிகள் மறுபடி தொடங்கின.

"அமுக்கு!"

மேலேயிருந்து ஒன்றும் வரவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் கொழுந்தனின் தலை குனிந்திருந்தது. தோள் குலுங்கியது.

சம்மட்டியைக் கீழே வைத்தார்கள். வெல்டிங்காரர் தீயை அணைத்தார். போர்மேன் கையில் ஒன்றும் இல்லை, இருந்தும் இரண்டு கையையும் தொங்கவிட்டு நின்றார். சட்டம் தெரியாத கணவன்கூட அசையவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது அண்ணிக்கு, அவளும் நின்றாள். அத்தனை பெரிய ஷெட்டில் குழாயில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை.

"...அமுக்கியிருக்கேன்."

"கேக்கலடா!" என்றான் தொப்பி கீழேயிருந்து, அழுகிற குரலில், பயங்கரக் கோபத்தோடு. "எனக்குக் கேக்கல. சத்தமாச் சொல்லு!"

"அமுக்கியிருக்கேன்டா!"